அம்மா கேட்ட கேள்வியை அன்றைக்கே நானும் கேட்டிருக்க வேண்டும்

ஆய்வகத்தில் அரசுப் பணத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் பொருளாக்கி விற்க நினைக்கிற பிஎச்டி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வழியில் நான் தனியாகத்தான் போனேன். எட்டு வருஷமும், ஏறக்குறைய 12 லட்சம் ரூபாயும் அதில் போயின. பணத்தில் பாதி கடன். என் கூட வேலை செய்த ஒரு பையனுக்குக் காலில் காயமும் பட்டது. இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். எதை யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது காசிமேட்டில். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர். அம்மா துறைமுகத்துப் பக்கம் இறால் உரிக்கப் போவார். விடியற்காலையில் போய், விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போய்த் திரும்புவார். உரித்த ஓடும் தலையும் கூடை கூடையாகக் குவிந்து கிடக்கும். வெயில் ஏறினால் அந்தப் பக்கம் போக முடியாது, அவ்வளவு நாற்றம். வேதியியல் படிக்கும்போதுதான் தெரிந்தது, காய்ந்த இறால் ஓட்டில் சுண்ணாம்பும் புரதமும் போக ஏறக்குறைய கால் பங்கு கைட்டின் என்று. ஓட்டை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும், நீர்த்த காரத்தில் கொதிக்க வைத்தால் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர்ந்த காரத்தில் வேக வைத்தால் கைட்டோசான். அழுக்குத் தண்ணீரில் மிதக்கும் துகள்களில் பெரும்பாலானவை எதிர்மின் ஏற்றம் கொண்டவை. அமிலத்தில் கரைத்த கைட்டோசான் நேர்மின் ஏற்றம் கொண்டது. இரண்டும் சேர்ந்து திரண்டு அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். இது உலகத்துக்குத் தெரிந்த விஷயம்தான். நான் செய்தது, கடைசிக் கட்டத்தில் வீணாகும் அடர்ந்த காரத்தைத் தெளிய வைத்து, புரதம் நீக்கும் கட்டத்துக்கு மறுபடி பயன்படுத்தும் ஒரு முறை. காரச் செலவு பாதிக்கு மேல் குறைந்தது.

2015ல் சென்னையில் உள்ள ஒரு பொது ஆய்வு நிறுவனத்தில் ஜேஆர்எஃப், அதாவது உதவித்தொகை வாங்கும் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தேன். மத்திய அரசு நிதி கொடுத்த மூன்று வருஷ ப்ராஜெக்ட், மாதம் 25,000 ரூபாய். இரண்டாம் வருஷம் முறை கைக்கு வந்தது. அன்று ராத்திரி வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: "கவர்மெண்டு காசுல செஞ்சதும்மா அது. உனக்கு எப்படிச் சொந்தமாவும்?" நான் சிரித்துவிட்டு, "கண்டுபிடிச்சது நான்தானேம்மா" என்றேன். பின்னால் என்னைச் சுற்றிச் சுற்றி அடித்தது அந்த ஒரு கேள்விதான். ஆய்வகத்தில் இருந்த நாலு வருஷத்தில் ஒரு முறைகூட நான் அதை யாரிடமும் கேட்கவில்லை.

2017 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கம். எங்கள் வேலையைப் போஸ்டராகப் போட்டோம். சுருக்கக் கட்டுரைத் தொகுப்பில் இரண்டு பக்கம் கொடுத்தார்கள். நான் ஆர்வத்தில் காரத்தின் அடர்த்தி, வெப்பநிலை, எத்தனை மணி நேரம், எத்தனை சுற்று என்று எல்லாவற்றையும் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். சிறந்த போஸ்டர் என்று சான்றிதழும் கிடைத்தது. அதை அம்மா சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 2018 ஆகஸ்டில். நடுவில் 18 மாதம். கைடு சார் ஓய்வு பெறும் வேலையில் இருந்தார், நிறுவனத்தின் கமிட்டி கூடவில்லை, நான் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த 18 மாதத்தின் விலை அப்போது எனக்குத் தெரியாது.

காப்புரிமைக்கு முதல் நிபந்தனை புதுமை. விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்னால் எங்காவது வெளியாகியிருந்தால் புதுமை போய்விடும், வெளியிட்டது நீங்களாகவே இருந்தாலும். நம் சட்டத்தின் 31ஆம் பிரிவில், அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு 12 மாதச் சலுகை உண்டு. அது குறுகலான சலுகை. அதை நம்பி இறங்கக் கூடாது, பல வெளிநாடுகளில் அந்தச் சலுகையும் கிடைக்காது. நான் அந்த 12 மாதத்தையும் தாண்டியிருந்தேன். தீசிஸும் இப்படித்தான். பல்கலைக்கழகம் அதைச் சோத்கங்கா என்ற தீசிஸ் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் உலகமே படிக்கலாம். ஆகவே போஸ்டர், கட்டுரை, தீசிஸ், சந்திக்க வரும் கம்பெனிக்காரரிடம் பேச்சு, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காப்புரிமைக்கு ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் கிடைக்கும். தனி நபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய்தான். கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சலுகைக் கட்டணம் வந்தது 2021ல். எங்கள் காலத்தில் நிறுவனம் 8,000 கட்ட வேண்டியிருந்தது, அதற்கும் ஒரு கோப்பு போட்டு ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. கருத்தரங்கத்துக்குப் போய் வர நான் செய்த செலவே அதைவிட அதிகம்.

2019ல் வைவா முடிந்து வெளியே வந்தேன். கைடு சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அப்புறம் கோவிட். 2021 மார்ச்சில் வேறு ஏதோ தேடும்போது காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் எங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தேன். விண்ணப்பத்தைப் பரிசோதித்து அலுவலகம் ஆட்சேபங்களை எழுதி அனுப்பும் முதல் அறிக்கை 2020 அக்டோபரிலேயே வந்திருந்தது. ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். எனக்கு மிச்சம் இருந்தது மூன்று வாரம். அறிக்கை நிறுவனத்தின் வக்கீலுக்குப் போய், அவர் கைடு சாரின் பழைய மெயிலுக்கு அனுப்பி, அதை யாரும் திறக்காமல் கிடந்திருக்கிறது. பதில் சொல்ல இன்னும் மூன்று மாதம் அவகாசம் கேட்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கு ஒரு படிவம், ஒரு கட்டணம். அதை நிறுவனம்தான் போட வேண்டும், ஏனென்றால் விண்ணப்பதாரர் நிறுவனம், நான் கண்டுபிடிப்பாளர் மட்டும். ஊரடங்குக்கு நடுவில் நான் தினமும் போன் செய்தேன். எடுத்தவர் நல்லவர், ஆனால் கோப்பு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலை என்ன என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மாதம் ஒரு முறை பாருங்கள்.

அறிக்கையைத் திறந்தால், எங்கள் முதல் கோரிக்கைக்கு, அதாவது இது எங்களுடையது என்று உரிமை கேட்கும் பத்திக்கு, எதிராகக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் காட்டியிருந்த ஆவணம் எங்கள் கோயம்புத்தூர் சுருக்கம்தான். என் பெயரே எனக்கு எதிராக நின்றது. அதைப் படித்த ராத்திரி அந்தச் சான்றிதழைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. போஸ்டரில் போடாமல் விட்டது ஒன்றே ஒன்று. காரத்தை எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் தெளிய விட்டால் மறுசுற்றுக்கு ஆகும் என்ற கட்டம். அது பின்னால் கண்டுபிடித்தது. அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் கோரிக்கையைச் சுருக்கிப் பதில் கொடுத்தோம். இறால் ஓடு உயிரியல் வளம் என்பதால் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் கீழ் தேசிய ஆணையத்தின் ஒப்புதலும் கேட்டார்கள். அதன் அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. 2002ஆம் வருஷச் சட்டம், 2023ல் திருத்தம் வந்து விதிகள் மாறியிருக்கின்றன. செடி, மீன், நுண்ணுயிர் என்று எதைத் தொட்டு வேலை செய்தாலும் இதை முதலிலேயே பாருங்கள். 2022ல் காப்புரிமை கிடைத்தது. முழு வீட்டுக்குப் போய் ஒரு அறைக்குச் சாவி வாங்கி வந்த மாதிரி இருந்தது.

சாவியும் என் கையில் இல்லை. அம்மா கேட்ட கேள்விக்கு ஆய்வகத்தை விட்டு வந்த பிறகுதான் பதில் தேடினேன். அமெரிக்காவில் 1980லேயே பே-டோல் சட்டம் வந்து, அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகங்களே சொந்தமாக்கி உரிமம் கொடுக்க வழி செய்தார்கள். இங்கே அதைப் போன்ற மசோதா 2008ல் மாநிலங்களவைக்கு வந்து, சட்டமாகாமலே 2014ல் திரும்பப் பெறப்பட்டது. ஆக, நம் நாட்டில் இதற்கென்று ஒரே சட்டம் கிடையாது. நிதி கொடுத்த துறையின் நிபந்தனை, உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கை, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள், இந்த மூன்றும்தான் பேசும். மத்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் 2000ல் கொடுத்த அறிவுறுத்தலின்படி உரிமை நிறுவனத்துக்கு, அதில் வரும் வருமானத்தில் கண்டுபிடிப்பாளர்களுக்கு அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு, அரசின் சொந்தப் பயன்பாட்டுக்கு ராயல்டி இல்லாத உரிமம். இது நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மக்கள் வரிப்பணம் அது. ஆனால் சேரும் நாளிலேயே தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன். ப்ராஜெக்டின் அனுமதி ஆணையை உங்கள் கைடிடம் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கங்களில் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள். நாலு வருஷம் அந்த ஆணையின் எண்ணை ஒவ்வொரு கட்டுரையின் நன்றியுரையிலும் நான் எழுதினேன். ஒரு முறைகூட அதைப் படித்ததில்லை.

ஆகவே நான் கண்டுபிடித்ததை நானே உரிமம் வாங்க வேண்டும். 2021 பிப்ரவரியிலேயே கடிதம் கொடுத்திருந்தேன், கையெழுத்தானது 2022 ஏப்ரலில். 14 மாதம். யாரும் கெட்ட எண்ணத்தில் தாமதப்படுத்தவில்லை. தங்கள் மாணவிக்கே உரிமம் கொடுத்து அவர்களுக்குப் பழக்கமில்லை, விலை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை, குறைத்துக் கொடுத்தால் நாளை தணிக்கையில் கேள்வி வருமோ என்று பயம். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு இரண்டு மாதம் உட்கார்ந்தது. முன்பணம் 2 லட்சம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 36,000. விற்பனையில் 3 சதவீதம் ராயல்டி. எனக்கு மட்டும் என்ற உரிமை கிடையாது, அதே உரிமத்தை வேறு யாருக்கும் கொடுக்கலாம். இவ்வளவும் புரிந்தது. புரியாமல் கையெழுத்துப் போட்டது இரண்டு இடத்தில். ஒன்று, விற்றாலும் விற்காவிட்டாலும் இரண்டாம் வருஷத்திலிருந்து குறைந்தபட்ச ராயல்டி 50,000. இன்னொன்று, நான் செய்யும் மேம்பாடுகளும் நிறுவனத்துக்கே சேரும் என்ற வரி. ஒப்பந்தத்தை ஒரு வக்கீல் பார்த்தார், 25,000 வாங்கினார். அவர் வீட்டுப் பத்திரம் பார்ப்பவர். காப்புரிமை உரிமம் பார்த்துப் பழகியவரிடம் போங்கள். முன்பணத்தைக் குறைத்து ராயல்டியைக் கூட்டக் கேளுங்கள், குறைந்தபட்ச ராயல்டியை விற்பனை தொடங்கி ஒரு வருஷம் கழித்து வைக்கக் கேளுங்கள், மேம்பாடுகள் பற்றிய அந்த வாக்கியத்தை எடுக்கவோ உரிமையைப் பங்கிடவோ கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் குறைந்தபட்ச ராயல்டியைத் தள்ளிவைக்கக் கேட்டபோது ஒரே கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

மணலி பக்கம் ஒரு ஷெட் பிடித்தேன், வாடகை 14,000. இனி வருவதுதான் நான் அதிகம் சொல்ல நினைப்பது, ஏனென்றால் இதைப் பற்றி ஆய்வகத்தில் யாரும் பேசுவதில்லை. ஆய்வகத்தில் நான் ஒரு தடவைக்கு 200 கிராம் ஓடு போடுவேன், கண்ணாடி பீக்கரில். இங்கே 25 கிலோ போட வேண்டும். பால் பண்ணையிலிருந்து வந்த பழைய எவர்சில்வர் தொட்டி ஒன்று 85,000க்குக் கிடைத்தது. பளபளவென்று இருந்தது. சாத்தாங்காட்டில் ஒரு வெல்டர் அண்ணனிடம் குழாய் வைக்கக் கொண்டுபோனேன். "இதுல இன்னாம்மா ஊத்தப் போற?" என்றார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றேன். "ஆசிட்டுக்கு இது நிக்காதும்மா, புள்ளி புள்ளியா ஓட்டையாவும்" என்றார். பிஎச்டி வாங்கின நான் அவர் பேச்சைத் தட்டினேன். நீர்த்த அமிலம்தானே என்று. ஐந்தாவது சுற்றில் அடியில் கசிய ஆரம்பித்தது. 304 ரக எவர்சில்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரிக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். நாலு வருஷம் கண்ணாடியில் வேலை செய்ததால் பாத்திரத்தைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. பிளாஸ்டிக் தொட்டியோ ஃபைபர் தொட்டியோ போதும், அதில் கால்வாசி விலை. ஆய்வகத்தில் இருக்கும்போதே ஒரு பட்டறைக்காரரிடமும் ஒரு ஆலைக் கெமிஸ்டிடமும் உங்கள் முறையை விளக்கிப் பாருங்கள். அவர்கள் கேட்கிற முதல் மூன்று கேள்வி உங்கள் கமிட்டியில் யாரும் கேட்காததாக இருக்கும்.

அடுத்தது நுரை. அமிலம் சுண்ணாம்பில் பட்டால் கரியமில வாயு வரும், பள்ளிக்கூடப் பாடம். பீக்கரில் கொஞ்சம் பொங்கும், கண்ணாடிக் குச்சியால் கிளறுவேன், அடங்கும். 25 கிலோ காய்ந்த ஓட்டில் 10 கிலோ சுண்ணாம்பு என்று வைத்தால் 4.4 கிலோ வாயு வெளியேறும். அதன் கனஅளவு 2,400 லிட்டருக்கு மேல். எங்கள் புதுத் தொட்டி 500 லிட்டர். ஓட்டில் உள்ள புரதம் சோப்பு மாதிரி அந்த நுரையைத் தாங்கிப் பிடிக்கும். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். விபத்துக்கு அப்புறம்தான் போட்டேன். 2022 ஆகஸ்டில் ஒரு காலை, அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்றினோம். நுரை தொட்டியைத் தாண்டி எழும்பித் தரையெல்லாம் ஓடியது. என்னோடு வேலை செய்த தம்பி செருப்போடு நின்றான், பூட்ஸ் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. இரண்டு கணுக்காலும் சிவந்து கொப்புளம் வைத்தது. தண்ணீரைக் கால் மணி நேரம் விடாமல் ஊற்றினேன், அப்புறம் ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு. பத்து நாளில் ஆறியது. அவன் அம்மா எங்கள் அம்மாவோடு இறால் உரிக்கிறவர். அவர் முகத்தை நான் ஒரு மாதம் நேராகப் பார்க்கவில்லை. அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், இரண்டு மணி நேரம் எடுத்துச் செய்தால் நுரை அடங்கும். பூட்ஸ், கையுறை, கண்ணாடி, பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர்க் குழாய். தொட்டி வாங்கும் முன் இதை வாங்குங்கள்.

தண்ணீர் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஓட்டை அமிலமோ காரமோ இல்லாத நிலை வரும் வரை கழுவ வேண்டும். ஆய்வகத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் போய் டீ குடித்தேன். என் கட்டுரையில் அந்தத் தண்ணீருக்கு விலையே இல்லை. மணலியில் ஒரு லாரி 12,000 லிட்டர் 1,800 ரூபாய். 100 கிலோ ஈர ஓட்டிலிருந்து கடைசியில் கிடைப்பது நாலு கிலோ கைட்டோசான். அப்படியானால் ஒரு கிலோவுக்குத் தண்ணீர்ச் செலவு எவ்வளவு என்று பார்த்தபோது தலை சுற்றியது. கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஏற்கெனவே புகையும் கழிவும் தாங்கி நிற்கிற ஊர் அது. அங்கே உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை, சட்டமும் விடாது. ஆலை அமைக்கும் முன் ஓர் அனுமதி, ஓட்டும் முன் இன்னோர் அனுமதி என்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு வாங்க வேண்டும். நான் ஷெட் பிடித்து வாடகை ஓடத் தொடங்கிய பிறகுதான் விண்ணப்பித்தேன். வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டேன், ஐந்து மாத வாடகை வீணானது. அப்புறம் ஓடு. காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியில் வரும். மதியத்துக்குள் அமிலத்தில் இறங்காவிட்டால் அழுகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரர் வீட்டுப் பெண்ணான நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் நம்புவீர்களா? எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதம் பொன்னேரிப் பக்கத்து இறால் பண்ணை ஓட்டை இரட்டை வண்டிக் கூலி கொடுத்து வாங்கினேன்.

இவ்வளவுக்கும் பிறகு சரக்கு வந்தது, தரமும் நன்றாக இருந்தது. மாதவரத்தில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களுக்குக் கொண்டுபோனேன். சேறும் எண்ணெயும் கலந்த தண்ணீரை வாளியில் எடுத்து, கரைசலை ஊற்றிக் கலக்கிக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. முதலாளி ஒருவர் அசந்து போய்ப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதும்மா. படிகாரம் கிலோ இன்னா விலைன்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் தீசிஸில் 180 மேற்கோள் கட்டுரைகளோடு என் முறையை ஒப்பிட்டிருந்தேன். அவர் ஒப்பிட்டது மூலைக்கடைப் படிகாரத்தோடு. என் பொருள் அதைப் போலப் பல மடங்கு விலை. அளவு மிகக் குறைவாகப் போதும், சேறும் குறைவாக வரும், அதை அள்ளும் கூலி மிச்சம் என்று கணக்குக் காட்ட எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதோடு, இதை வினிகர் மாதிரியான அமிலத்தில் கரைத்தால்தான் வேலை செய்யும். பொடியாகக் கொடுத்தால் யாரும் கரைக்க மாட்டார்கள். கரைத்துக் கேனில் கொடுத்த பிறகுதான் ஓடியது. ரெட்ஹில்ஸில் ஓர் உரக்கடைக்காரர் செடிக்குத் தெளிக்கக் கேட்டார், நிறைய வாங்குவதாகச் சொன்னார். இப்படிச் செடி வளர்ச்சியைத் தூண்டத் தெளிக்கும் உயிர்த்தூண்டிகளை 2021ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள், பதிவு இல்லாமல் விற்க முடியாது. கொடுக்கவில்லை. முதல் சோதனை வெற்றியான வாரமே ஒரு லிட்டரைக் கேனில் ஊற்றி, வாங்கப்போகிற ஆளிடம் கொண்டுபோய், இப்போது எதை எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டிருந்தால், என் ஆராய்ச்சியின் திசையே மாறியிருக்கும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதிரிப் பொருள் செய்ய மத்திய அரசின் நிதி-பிரயாஸ் என்ற திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கும். உயிரித் தொழில்நுட்பமாக இருந்தால் பைராக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பிக் நிதி 50 லட்சம் வரை. தமிழ்நாட்டில் புதுத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியத்தோடு வங்கிக் கடன், மாவட்டத் தொழில் மையம் வழியாக. இவை எல்லாம் இருப்பது எனக்கு ஷெட் பிடித்த பிறகு, ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது. அதற்குள் அம்மாவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போய்விட்டன. அண்ணன் 3 லட்சம் கொடுத்தான். தொட்டி, உரிமம், வாடகை, கூலி, ரசாயனம், வக்கீல் எல்லாம் சேர்ந்து 2023 நவம்பர் வரை 10 லட்சத்தைத் தாண்டியது. விற்றது 1,90,000க்கு. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மணலியிலும் எண்ணூரிலும் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். ஷெட்டுக்குள் இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். 1,60,000 ரூபாய்ச் சரக்கும் மோட்டாரும் போயின. காப்பீடு எடுக்கவில்லை. 5 கோடிக்குள் சொத்துள்ள சிறு தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று 2021லிருந்து ஒரு பாலிசி இருக்கிறது, வெள்ளமும் அதில் அடங்கும். தாழ்வான இடத்தில் ஷெட் வைத்திருக்கிற எல்லோரும் எடுத்துவிடுங்கள்.

அந்த வாரம் நான் எதையும் சுத்தம் செய்யவில்லை. எண்ணெய் படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னோடு சேர்ந்த பையன்கள் ஆசிரியர் வேலையில் சம்பளம் வாங்குகிறார்கள், நான் அம்மாவின் வளையலைத் தொலைத்திருக்கிறேன். அழுகையைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. அந்த வெட்கத்தில்தான் யாரிடமும் உதவி கேட்காமல் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன் என்பதும் அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. ஜனவரியில் பழைய நிறுவனத்துக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கும்மிடிப்பூண்டியில் ஏற்கெனவே அமிலமும் காரமும் கையாள்கிற, கழிவுநீர் சுத்திகரிப்பு உள்ள ஓர் ஆலையை அவர்களே அறிமுகப்படுத்தினார்கள். இப்போது என் முறையில் அவர்கள் கூலிக்குச் செய்து தருகிறார்கள், மாதம் இரண்டு சுற்று. கரைசலாக்குவதும் விற்பதும் நான். சொந்தமாக ஷெட் வைத்திருக்கவே தேவையில்லாமல் இருந்தது. இன்றைக்குப் 11 இடங்களுக்குக் கேன் போகிறது, ராயல்டி கட்டுகிறேன், அண்ணன் கடனில் பாதி அடைந்தது. சங்கிலியை மீட்டுவிட்டேன். வளையல் இன்னும் இல்லை.

போன மாதம் அதே ஆய்வகத்திலிருந்து ஒரு தம்பி தேடி வந்தான். மீன் செதிலில் ஏதோ செய்திருக்கிறான், நான் விவரம் கேட்கவில்லை, சொல்ல வேண்டாம் என்றேன். கருத்தரங்கம் எப்போது என்று மட்டும் கேட்டேன். "திங்கட்கிழமை அக்கா, சுருக்கம் ஏற்கெனவே அனுப்பியாச்சு" என்றான். தொகுப்பு அச்சாகிவிட்டதா என்று போன் செய்யச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில்தான் கொடுப்பார்களாம். நானும் அவனும் நேராக அவனுடைய நிறுவனத்துக்குப் போனோம். எனக்குப் பழக்கமான அதே அலுவலரைப் பார்த்து, அன்று மாலையே அவனுடைய கைடிடமும் கையெழுத்து வாங்கினோம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்குத் தற்காலிக விண்ணப்பம் ஏறியது, 1,600 ரூபாய். எண் வந்ததும் அவன் எனக்குப் போட்டோ அனுப்பினான். அதை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னேன்.